காற்றைக் கிழிக்கும் செலவு

2025 பிப்ரவரியில் ஓலா நிறுவனம் ரோட்ஸ்டர் எக்ஸ் வரிசை மின்சார மோட்டார் சைக்கிள்களை அறிவித்தது. வரிசையின் உச்சியில் இருந்த வண்டிக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் 501 கிலோமீட்டர் என்றார்கள். அதன் பேட்டரி 9.1 யூனிட். வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லில் இருக்கிற அதே யூனிட்தான். இயற்பியலில் கிலோவாட் மணி என்பார்கள். 9,100 வாட் மணியை 501ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 18 வாட் மணி வரும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு மணி நேரம் எரிந்தால் ஆகிற செலவு அவ்வளவுதான். அதைக் கொண்டு ஓர் ஆளையும் அவரைவிடக் கனமான வண்டியையும் ஒரு கிலோமீட்டர் தள்ளிவிடலாமாம்.

இது பொய்க்கணக்கு இல்லை. இந்தியாவில் இருசக்கர மின்வண்டிகளின் தூரத்தை அளக்க ‘இந்திய ஓட்டுச் சுழற்சி’ என்று ஒரு முறை இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, 108 விநாடிகள் நீளும் ஒரு வேக அட்டவணையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அந்த அட்டவணையின் உச்ச வேகம் 42 கிலோமீட்டர். சராசரி 22. மாலை ஆறு மணிக்கு வடபழனியைக் கடக்கிறவருக்கு இந்த வேகம் நன்றாகவே தெரியும். ஆனால் 350 சிசி பைக்குக்குப் பதிலாக மின்சார பைக் தேடுகிறவர் வடபழனிக்காக மட்டும் தேடவில்லை. தாம்பரத்தைத் தாண்டியதும் 80இல் போக வேண்டும் அவருக்கு. விளம்பர எண்ணுக்கும் அவருடைய சாலைக்கும் நடுவே நிற்பது காற்று. கட்டுப்படியாகிற விலையில் நடுத்தர மின்சார மோட்டார் சைக்கிள் ஏன் இன்னும் அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும் வண்டியை எதிர்ப்பவை இரண்டு. ஒன்று, டயர் தரையில் உருளும்போது எழும் தடை. வண்டியும் ஆளும் சேர்ந்து 215 கிலோ என்றால் இது சுமார் 32 நியூட்டன். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் இந்த எண் பெரிதாக மாறாது. இரண்டாவது, காற்றின் தடை. அது வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவரோடு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளைக் காற்று எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. முன்புறப் பரப்பை வடிவத்தின் தடைக் கெழுவால் பெருக்கினால் அது கிடைக்கும். பைக்குக்கு இது 0.55 சதுர மீட்டர் அளவில் வரும். டெஸ்லா மாடல் 3 காரின் முன்புறப் பரப்பு 2.2 சதுர மீட்டர், தடைக் கெழு 0.23, பெருக்கினால் 0.51. அதாவது ஐந்து பேர் உட்காரும் கார் தள்ளுகிற அளவுக் காற்றை ஒற்றை ஆள் பைக்கும் தள்ளுகிறது. கார் உள்ளங்கையால் தடவிவிட்டது போன்ற வடிவம். பைக்கில் முழங்கால், முழங்கை, ஹெல்மெட், கண்ணாடி, படபடக்கும் சட்டை என்று காற்றைக் கலக்குவதற்கு எல்லாமே உண்டு. காரில் 60 யூனிட் பேட்டரியைத் தரைக்கடியில் விரித்துவிடலாம். பைக்கில் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இருக்கிற இடம்தான் எல்லாம்.

இந்த எண்களை வைத்துக் கணக்குப் போடலாம். மோட்டாரிலும் செயினிலும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் 15 விழுக்காடு வீணாகிறது என்று கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 24 வாட் மணி ஆகும். 60இல் 40. எண்பதில் 64. நூறில் 94. நான்கு யூனிட் பேட்டரியில் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்துவதாக வைத்தால், 40இல் போகிறவர் 150 கிலோமீட்டர் போவார், 60இல் 90, 80இல் 56. நூறில் போனால் 38இலேயே பேட்டரி காலி. வண்டி அதேதான், பேட்டரி அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

ஏட்டுக் கணக்கை நம்பாதவர்கள் நிறுவனங்கள் தந்த எண்களையே பார்க்கலாம். 2019இல் வந்த ரிவோல்ட் ஆர்வி400, இந்தியாவில் பலர் முதன்முதலாகக் கண்ட மின்சார மோட்டார் சைக்கிள். 3.24 யூனிட் பேட்டரி, 3 கிலோவாட் மோட்டார். ஸ்பீக்கர் வழியாக சைலன்சர் சத்தத்தையும் ஒலிக்கவிட்டது. அதற்கும் பேட்டரிதான் செலவு! அதன் மூன்று ஓட்டுநிலைகளுக்கும் நிறுவனம் வெளிப்படையாகவே எண்களைத் தந்தது: 45க்கு மேல் போகாத ‘எக்கோ’ நிலையில் 150 கிலோமீட்டர், 65 வரை போகும் ‘நார்மல்’ நிலையில் 100, 85 வரை போகும் ‘ஸ்போர்ட்’ நிலையில் 80. சாலையில் வைத்துக் கழுத்தைப் பிடித்துக் கேட்காமலேயே உண்மை வெளியே வந்துவிட்டது.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பக் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் நகரத்துக்குள். அடிக்கடி நின்று கிளம்புகிற இடத்தில் இயக்க ஆற்றலின் ஒரு பங்கை மீட்கலாம். நெடுஞ்சாலையில் காற்றைக் கிழிக்கச் செலவான ஆற்றல் காற்றோடு போனதுதான். அதை எந்தப் பிரேக்கும் திருப்பித் தராது.

சரி, பெரிய பேட்டரியாகப் போட்டுவிட்டால்? ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐ எடுத்துக்கொள்வோம். டேங்க் 13 லிட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றால் 455 கிலோமீட்டர். அந்த 13 லிட்டர் பெட்ரோலின் எடை பத்து கிலோவைத் தொடாது. அதே 455 கிலோமீட்டரை 80 வேகத்தில் மின்சாரத்தில் கடக்க 29 யூனிட் வேண்டும். இன்றைக்கு ஒரு நல்ல பேட்டரிப் பெட்டி, உறையும் குளிர்விப்பும் சேர்த்து, கிலோவுக்கு 160 வாட் மணி தாங்கும். ஆக 180 கிலோ. கிளாசிக் 350 வண்டியே 195 கிலோதான்.

இந்த 160 என்ற எண் கஞ்சத்தனமாகப் போட்டதில்லை. மோட்டோ இ என்ற உலகப் பந்தயத்துக்காக டுகாட்டி நிறுவனம் 2023இல் களமிறக்கிய வண்டியில் 18 யூனிட் பேட்டரி இருந்தது. அதன் எடை 110 கிலோ. செலவைப் பற்றிக் கவலைப்படாத ஒரு பந்தய நிறுவனம், 1,152 செல்களை அடுக்கிச் செய்த பெட்டியிலேயே கிலோவுக்கு 164 வாட் மணிதான் தேறியது. மொத்த வண்டி 225 கிலோ. அதில் ஏறக்குறைய பாதி பேட்டரி. அதை வைத்துச் சில சுற்றுகளே ஓட முடிந்தது.

பெட்ரோலோடு ஒப்பிட்டு மின்வண்டியைக் குறை சொல்வது எளிது. நியாயமாகச் சொன்னால், பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை வெப்பமாக வீணடிக்கிறது. அந்த வீணடிப்பையும் தாங்கிக்கொண்டு அது ஜெயிக்கிறது என்றால், பெட்ரோலில் ஆற்றல் அவ்வளவு அடர்த்தியாக அடைந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்கூட்டர்கள் எப்படி முந்திக்கொண்டன என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகைக்கு அடியில் பேட்டரிக்கு இடம் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மைலேஜ். பெட்ரோல் ஸ்கூட்டரில் கியருக்குப் பதிலாக இருக்கும் பெல்ட் அமைப்பு ஆற்றலைக் கணிசமாகத் தின்னும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் உண்டு. ஸ்ப்ளெண்டர் வகை நூறு சிசி பைக் 65 கொடுக்கும். சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய் ஆகிறது, நூறு சிசி பைக்குக்கு ஒன்றரை ரூபாய் போல. நகரத்தில் மின்வண்டிக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 40 வாட் மணி. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 32 காசு. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற ஸ்கூட்டர்காரர் 19,000 ரூபாய் மிச்சம் பிடிப்பார். ஸ்ப்ளெண்டர்காரருக்கு மிஞ்சுவது 12,000. அவர் அவசரப்படாததில் ஆச்சரியம் இல்லை.

350 சிசிக்காரரின் கணக்கு இன்னும் சுவையானது. அவருக்குக் கிலோமீட்டருக்கு 2.90 ரூபாய் ஆகிறது. மின்சாரத்தில் 80 வேகத்தில் போனாலும் 60 காசுக்குள் முடிந்துவிடும். மூவரில் அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடியவர் இவர்தான். மூவரில் பெரிய பேட்டரி கேட்கிறவரும் இவர்தான். நடுத்தர வண்டியின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

பேட்டரி விலை வேகமாக விழுந்திருப்பது உண்மை. 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. புளூம்பர்க் என்இஎஃப் கணக்கெடுப்பின்படி 2024இல் உலகச் சராசரி 115 டாலர், அதாவது பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே. அந்த விலையில் ஏழு யூனிட் பேட்டரி 70,000 ரூபாய்க்குள் கிடைக்க வேண்டும். ஆனால் பெங்களூரின் அல்ட்ராவயலெட் நிறுவனம் 2024 ஏப்ரலில் 7.1 யூனிட் எஃப்77 மாக் 2 வண்டியை 2.99 லட்சத்துக்குத்தான் அறிமுகம் செய்ய முடிந்தது. மிச்சம் எங்கே போகிறது? உலகச் சராசரி என்பது லட்சக்கணக்கில் வாங்கும் கார் நிறுவனங்களின் சராசரி. சில ஆயிரம் வண்டி செய்கிறவருக்கு அந்த விலை கிடைக்காது. வார்ப்புகள், கட்டுப்பாட்டு மென்பொருள், பாதுகாப்புச் சோதனைகள் என எல்லாச் செலவும் அந்தச் சில ஆயிரம் வண்டிகளின் தலையில்தான் விழுகிறது. 2024–25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய 1.2 கோடி. அதில் ஒரு சிறு துண்டு மின்சாரத்துக்கு மாறினாலே இந்தச் சுமை இறங்கும். விலை இறங்காமல் ஆட்கள் மாற மாட்டார்கள். ஆட்கள் மாறாமல் விலை இறங்காது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மானியம் வந்தது. 2021 ஜூனில் ஃபேம்-2 திட்டம் இருசக்கர வண்டிக்கு யூனிட்டுக்கு 15,000 ரூபாய் தந்தது. 2025–26இல் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் அது 2,500ஆகச் சுருங்கியது. வண்டிக்கு அதிகபட்சம் 5,000. தொழிற்சாலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் அதுவும் இல்லை. நடுத்தர வண்டியின் நெற்றியில் குறி வைத்து எழுதிய விதி இது என்பேன். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. மின்வண்டிக்கு ஐந்தே விழுக்காடு என்ற சலுகை அப்படியே இருந்தாலும், இரண்டுக்கும் இடையே இருந்த 23 புள்ளி வித்தியாசம் 13ஆகிவிட்டது.

பணக்கார நாடுகளிலும் கதை வேறு மாதிரி இல்லை. ஹார்லி-டேவிட்சன் 2019இல் லைவ்வயரை 29,799 டாலருக்குக் கொண்டுவந்தது. பிறகு தனி நிறுவனமாகப் பிரித்தது, மலிவான மாடல்களும் விட்டது. 2024 முழுவதும் விற்றவை 612. மோட்டோ இ பந்தயத்துக்கு முதலில் வண்டி கொடுத்த இத்தாலியின் எனர்ஜிகா 2024 அக்டோபரில் திவாலானது. கலிஃபோர்னியாவின் ஆல்ட்டா 2018லேயே கடையைக் கட்டியது. உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனமான ஹோண்டா 2025இல் ஐரோப்பாவுக்கு டபிள்யூஎன்7 வண்டியை அறிவித்தபோது பிரிட்டன் விலை 12,999 பவுண்டு. அவர்கள் ‘நடுத்தரம்’ என்று சொல்வதை வாங்க நம் ஊரில் ஒரு நல்ல கார் விலை ஆகும்.

அதனால்தான் ஓசூர், கிருஷ்ணகிரி, சென்னை, பெங்களூர் என்கிற இந்தச் சிறிய வட்டாரத்தில் நடப்பது முக்கியமாகிறது. மலிவான நடுத்தர வண்டிக்கான தேடல் இப்போது சூடாக நடப்பது இங்கேதான். ரோட்ஸ்டர் எக்ஸின் 2.5 யூனிட் வண்டிக்கு ஓலா வைத்த அறிமுக விலை 74,999 ரூபாய். உற்பத்தி கிருஷ்ணகிரி ஆலையில். இந்த வட்டாரத்துக்கு வெளியே, அகமதாபாத்தின் மேட்டர் நிறுவனம் எதிர்த்திசையில் யோசித்து, 5 யூனிட் பேட்டரியோடு நான்கு கியர்களையும் வைத்து 1.44 லட்சத்துக்கு ஏராவை 2023இல் அறிவித்தது. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தருவது, அதற்கு எதற்குக் கியர் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் சிறிய மோட்டாரை வைத்துக்கொண்டு மேட்டில் ஏறவும் வேண்டும், சமவெளியில் வேகமும் வேண்டும் என்றால் கியர் ஒரு வழிதான். வாங்குகிறவரின் இடது கை கிளட்ச் இல்லாமல் தவிக்கும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்திருப்பார்கள்.

எனக்கு அதிகம் பிடித்த யோசனை சென்னையின் ராப்ட்டியுடையது. 2024 அக்டோபரில் 2.39 லட்சத்துக்கு வந்த அவர்களின் டி30இல் 5.4 யூனிட் பேட்டரி. வழக்கமான மின்சார இருசக்கர வண்டிகள் 48 முதல் 72 வோல்ட் வரையில் இயங்கும்போது, இது 240 வோல்ட்டில் இயங்குகிறது. 10 கிலோவாட் திறன் வேண்டுமானால் 72 வோல்ட்டில் 139 ஆம்பியர் ஓட வேண்டும். 240 வோல்ட்டில் 42 போதும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் வெப்பம் பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். கம்பி மெலியும், செம்பு மிச்சமாகும். இன்னொன்றும் கிடைக்கிறது: நெடுஞ்சாலைகளில் கார்களுக்காக நிற்கும் சிசிஎஸ்2 வேகச் சார்ஜர்களில் இந்தப் பைக்கை மாட்டலாம். தாழ்ந்த வோல்ட் வண்டிகளுக்கு அந்தச் சார்ஜர்கள் பயன்படாது. சின்ன வண்டிகளுக்கென்று மின்சார ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர் உருவாக்கிய இணைப்பானை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் தேசியத் தரமாக ஏற்றது நல்ல செய்தி என்றாலும், எல்லா நிறுவனங்களும் அதற்கு மாறியபாடில்லை. வழியில் அரை மணி நேரத்தில் சார்ஜ் ஏறும் என்றால் பத்து யூனிட் பேட்டரியைச் சுமக்கத் தேவையில்லை. காற்றை வெல்ல முடியாது, ஆனால் காற்றுக்கான செலவைத் தவணையில் கட்டலாம்.

ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஆம்பர்சாண்ட் என்ற நிறுவனம் வேறொரு தவணை முறையைக் கையாள்கிறது. அங்கே பைக் டாக்சி ஓட்டுகிறவர் வண்டியை மட்டும் வாங்குவார். பேட்டரி நிறுவனத்துடையது, தீர்ந்ததும் நிலையத்துக்குப் போய் மாற்றிக்கொண்டு, செலவான மின்சாரத்துக்குக் காசு கொடுப்பார். வண்டி விலையிலிருந்து பேட்டரி விலை கழன்றுவிடுகிறது. நாள் முழுக்க ஓடுகிற டாக்சிக்கு இது பிரமாதமாகப் பொருந்தும். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், மாதம் ஒரு தடவை ஊர் என்று இருப்பவருக்காக நெடுஞ்சாலை நெடுக பேட்டரி அலமாரிகளை யார் வைப்பார்கள்?

350 சிசி வண்டிகளாலேயே பெயர் பெற்ற ராயல் என்ஃபீல்டு, 2024 நவம்பரில் மிலானில், விற்பனைக்கு வரப்போகும் தன் முதல் மின்சார வண்டியாக இமயமலைக்குப் போகிற முரட்டு வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கப்பட்ட அவர்களுடைய இலகு ரக வண்டியின் பெயரையே வைத்து, ஃப்ளையிங் ஃப்ளீ என்ற மெலிந்த நகர வண்டியைக் காட்டியது. காற்றின் கணக்கை அவர்களும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

வாங்கப் போகிறவர் ஷோரூமில் ‘எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்று கேட்க வேண்டாம். ‘80இல் சீராகப் போனால் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்?’ என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் ஆறரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் ஆள், எதிர்க்காற்று என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். நாளுக்கு 50 கிலோமீட்டர், 60 வேகத்தைத் தாண்டாத ஓட்டம் என்றால் இரண்டு யூனிட் ஆகும். பேட்டரி வயதாகி ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்த பிறகும் மூன்றரை யூனிட் வண்டி உங்களுக்குத் தாராளம். ஒரு லட்சத்தை ஒட்டிய விலையில் அது இன்றே கிடைக்கிறது. சென்னையிலிருந்து விழுப்புரம் வரை 160 கிலோமீட்டரை 80இல் நிற்காமல் கடக்க வேண்டும் என்றால் பத்து யூனிட்டுக்கு மேல் வேண்டும், கையிருப்பு சேர்த்தால் பன்னிரண்டு. அப்படி ஒரு வண்டி இரண்டு லட்சத்துக்குள் இந்தியச் சந்தையில் இல்லை. அது வரும்வரை, ஊருக்குப் போக பெட்ரோல் பைக்கை விற்காமல் வைத்திருங்கள்.